பகட்டு இல்லாமல் தாராளமாகக் கல்யாணம் நடத்துவது எப்படி

போன தை மாதம் என் மகள் கல்யாணத்தை மதுரையில் நடத்தி முடித்தோம். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அதே மதுரையில் என் தங்கச்சி கல்யாணத்தையும் நான்தான் முன்னால் நின்று நடத்தினேன். அப்போது செய்த செலவில் பாதிக்கு மேல், வருகிறவர்கள் அசந்து போக வேண்டும், ‘தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அண்ணன்காரன் அமர்க்களமாப் பண்ணிட்டான்ப்பா’ என்று ஊர் பேச வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஊர் ஒரு வாரம் பேசியது. கடனை அடைக்க ஆறு வருஷம் ஆனது. மகள் கல்யாணத்துக்கும் கையிலிருந்து நிறையத்தான் போனது, ஆனால் எந்த ரூபாய் எதற்குப் போனது என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடியும். இந்த இரண்டுக்கும் நடுவில் சொந்தத்திலும் நட்பிலும் பத்துப் பதினைந்து கல்யாண வேலைகளில் கூட நின்றிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை, வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

சிக்கனமாகப் பண்ணுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. கையில் இருக்கிறது, பிள்ளைக்குச் செய்து பார்க்க ஆசை இருக்கிறது என்றால் நன்றாகச் செய்யுங்கள். தாராளம் வேறு, பகட்டு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு கேள்விதான்: இந்தச் செலவை அனுபவிக்கப் போவது யார்? வருகிறவருடைய வயிற்றுக்கு, காதுக்கு, கால்வலிக்கு அது சுகம் தருகிறது என்றால் லட்ச ரூபாய் ஆனாலும் தாராளம். அதைப் பார்த்து அவர் ‘நம்மால் இப்படி முடியுமா’ என்று உள்ளுக்குள் குறுகிப் போக வேண்டும் என்பதற்காகச் செய்தால், ஐந்நூறு ரூபாய்தான் ஆனது என்றாலும் பகட்டு. நல்ல பாலில் போட்ட காப்பி, வயசானவர்களுக்கு முதுகு சாய்த்து உட்கார நாற்காலி, காது குளிர ஒரு நாதஸ்வர ஜோடி, இதெல்லாம் முதல் வகை. ரோட்டை அடைத்து வைக்கிற பேனர் இரண்டாவது வகை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே 1995 செப்டம்பர் 7 ஞாபகம் வரும். ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது சென்னையில் தம் வளர்ப்பு மகனுக்கு நடத்திய கல்யாணம். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் விருந்து என்று கின்னஸ் சாதனையில் ஏறியது. அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், அங்கே சாப்பாடு எப்படி இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், உடம்பு நிறைய நகையோடு நடந்து வந்த அந்தப் படத்தைத்தான் சொல்வார்கள். அடுத்த வருஷமே தேர்தலில் ஆட்சி போனது, கல்யாணச் செலவு பின்னால் சொத்துக் குவிப்பு வழக்கிலும் ஒரு கணக்காக வந்து நின்றது. ஒன்றரை லட்சம் பேருக்கு இலை போட்டும் ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது நகைதான்.

முதலில் பேச்சை முடியுங்கள்

மண்டபம் பார்ப்பதற்கு முன்னால், பத்திரிகை மாதிரி பார்ப்பதற்கு முன்னால், இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து யார் எதற்குச் செலவு செய்கிறார்கள் என்று பேசி ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நான் பார்த்த வரையில் பகட்டு பிறக்கிற இடம் இதுதான்: செலவு ஒருத்தருடையது, பேர் இன்னொருத்தருக்கு. ‘எங்க பக்கம் ஆயிரம் பேர் வருவாங்க, கிராண்டா பண்ணிடுங்க’ என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டுப் போவார்கள், பெண் வீட்டார் மென்று முழுங்குவார்கள். என் மகள் விஷயத்தில் நான் நேராகவே சொன்னேன். ‘சம்பந்தி, ஆயிரம் பேர் வந்தாலும் சந்தோஷம். வரவேற்பு நீங்க எடுத்துக்குங்க, முகூர்த்தம் நாங்க பாத்துக்கறோம், ரெண்டு வீட்டுக்கும் மரியாதையா இருக்கும்.’ அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அடுத்த வாரமே ஆயிரம் பேர் அறுநூறு பேர் ஆனார்கள்.

எவ்வளவு குறைவாக இருந்தாலும் கல்யாணம் கல்யாணம்தான் என்பது மனசில் இருக்கட்டும். 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தப்படி, உற்றார் உறவினர், நண்பர்கள் முன்னால் இருவரும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ, மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ அது செல்லும். 2020 ஊரடங்கில் ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று இருந்தபோது எங்கள் சொந்தத்தில் மூன்று கல்யாணம் நடந்தது, மூன்று ஜோடியும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதற்கு மேல் செய்கிற ஒவ்வொன்றும் நாமாக ஆசைப்பட்டுச் செய்வது. ஆசைப்பட்டுச் செய்வது என்றால் எதை என்று தேர்ந்தெடுக்கவும் நமக்கு உரிமை இருக்கிறது, ‘ஊர் வழக்கம், தப்பிக்க முடியாது’ என்று சொல்ல வேண்டியதில்லை.

வட்டிக்கு வாங்கிச் செய்யாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஐந்து லட்சம் ‘ரெண்டு வட்டி’க்கு வாங்கினால் மாசம் பத்தாயிரம் ரூபாய் வட்டி. ஆறு வருஷம் வட்டி மட்டும் கட்டினால் ஏழு லட்சத்து இருபதாயிரம், அசல் அப்படியே நிற்கும். தங்கச்சி கல்யாணத்தில் மேடை அலங்காரத்துக்காக மட்டும் நான் வாங்கிய கடனுக்கு, அந்தப் பூ காய்ந்து மூன்று வருஷம் கழித்தும் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் பட்டியலை மறுபடி எடுத்து, மேலே சொன்ன கேள்வியைக் கேட்டு ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வாருங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

நகை

‘எத்தனை பவுன் போடுறீங்க?’ என்ற கேள்வி வந்தால் அது வரதட்சணைப் பேச்சு என்று புரிந்துகொள்ளுங்கள், எவ்வளவு சிரித்த முகத்தோடு கேட்டாலும். 1961 வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி வாங்குவது மட்டுமில்லை, கொடுப்பதும் குற்றம், குறைந்தது ஐந்து வருஷச் சிறை. யாரும் கேட்காமல் நாமாகப் பிரியப்பட்டுப் பிள்ளைக்குப் போடுவது வேறு. அதற்கும் 1985 விதிகளின்படி யார், யாருக்கு, என்ன மதிப்பில் கொடுத்தது என்று பட்டியல் எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதை யாருமே செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள், பின்னால் மனக்கசப்பு எதுவும் வராது.

தங்கத்தைச் சட்டம் போட்டு அடக்கப் பார்த்தவர்கள் உலகத்தில் நிறைய. ரோமாபுரியில் கி.மு. 215இல், போர்க்காலத்தில், ஒரு பெண்ணிடம் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. இருபதே வருஷத்தில் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடி அதை எடுக்க வைத்தார்கள். நம் நாட்டில் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 1990இல் போய்விட்டது. அதனால் இதை அரசாங்கம் வந்து சரி செய்யும் என்று உட்கார்ந்திருக்க முடியாது, அவரவர் வீட்டில்தான் முடிவெடுக்க வேண்டும்.

நகை வாங்கும்போது பகட்டுக்கு வாங்குகிற நகையும் சொத்தாக வாங்குகிற நகையும் எங்கே பிரிகிறது என்றால், சேதாரத்தில். மேடையில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று கல் பதித்த பெரிய ஆரம், நெஞ்சை மறைக்கிற நெக்லஸ் எடுத்தால் வேலைப்பாட்டுக்குத் தகுந்தபடி சேதாரம் ஏறும். பத்துப் பவுன் என்றால் 80 கிராம். பதினைந்து சதவீதம் சேதாரம் என்றால் 12 கிராம், அதாவது ஒன்றரைப் பவுனுக்கான பணம். அது விற்கும்போது திரும்பாது, கல்லின் எடைக்கும் அப்படித்தான். பிள்ளை தினமும் போட்டுக்கொள்கிற செயின், வளையல், தோடு என்று எடுத்தால் சேதாரம் குறைவு, உபயோகம் அதிகம். தங்கத்தின் தரத்தைச் சொல்கிற 916 முத்திரையும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தருகிற ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம், பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வரும். அப்புறம் முக்கியமான ஒன்று: பில் மகள் பேரில் இருக்கட்டும், லாக்கரும் மகள் பேரில் இருக்கட்டும். அவளுக்குப் போட்ட நகை அவளுடையது.

சீர்வரிசைத் தட்டு ஐம்பத்தொன்றா நூற்றொன்றா என்பதில் நான் நிறையப் பேச விரும்பவில்லை. வெள்ளிக் குத்துவிளக்கோ பித்தளை அண்டாவோ, பிள்ளை குடித்தனம் நடத்தத் தேவையானதைக் கொடுங்கள், அதை மண்டப வாசலில் வரிசையாகப் பரப்பி வைத்து வருகிறவர்களை எண்ண வைக்காதீர்கள். முந்தின நாளே அவள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அழைப்பு

நானூறு ரூபாய்க்கு வெல்வெட் பெட்டியில் பத்திரிகை, உள்ளே முந்திரி பாதாம் டப்பா என்று வருகிறது. அதைக் கொரியரில் அனுப்புகிறார்கள். வாங்குகிறவர் பெட்டியைப் பார்ப்பார், நீங்கள் வரவில்லை என்பதையும் பார்ப்பார். எங்கள் பக்கம் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, இரண்டு பேராகப் போய், வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ அவ்வளவு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அழைப்பு. பத்திரிகை இருபது ரூபாய்க்கு அடித்தது போதும், மிச்சப் பணத்தைப் பெட்ரோலுக்கும் பஸ்ஸுக்கும் போடுங்கள். நாங்கள் கம்பம், தேனி, விருதுநகர் என்று பதினோரு நாள் சுற்றினோம். எட்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த என் சித்தப்பா மகன், வாசலில் என்னைப் பார்த்ததும் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி வந்தான். பதினோரு நாள் அலைந்தது அங்கேயே தீர்ந்துவிட்டது.

தெரியாதவர்களை, பதவியில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் அழைக்காதீர்கள். அவர் வந்தால் அவரைச் சுற்றித்தான் கல்யாணம் நடக்கும், வராவிட்டால் உங்களுக்கு ராத்திரியெல்லாம் அதே கவலை.

மண்டபம் எடுக்கும்போது எல்லோரும் மேடையைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள். நீங்கள் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் நாற்காலியை எண்ணுங்கள். இருநூறு பேர் உட்காரும் கூடத்தில் அறுநூறு பேருக்குச் சாப்பாடு என்றால் மூன்று பந்தி, பந்திக்கு நாற்பது நிமிஷம் வைத்தால் இரண்டு மணி நேரம். அதைத் தாண்டினால் ஜனம் நாற்காலிக்குப் பின்னால் நிற்கத் தொடங்கிவிடும். அப்புறம் கழிப்பறை, லிஃப்ட் அல்லது சாய்தளம், வாடகைக்கு மேல் கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கேஸ், கிளீனிங் என்று தனித்தனியாகப் போடுகிற கணக்கு, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.

பந்தி

ஒரு கல்யாணத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். இலையில் முப்பத்தொன்று ஐட்டம், நான் எண்ணினேன். மூன்று நிறத்தில் மூன்று இனிப்பு, காலிஃபிளவர் வறுவல், சின்னச் சப்பாத்தி, குட்டி இட்லி, இரண்டு வகைப் புலவு, ஒரு ஓரத்தில் வெட்டி வைத்த டிராகன் பழம். சோறு போட இலையில் இடம் இல்லை. என் பக்கத்தில் எழுபது வயசு தாண்டிய ஒரு பெரியவர், முழங்கையை மேசையில் ஊன்றி, இனிப்பையெல்லாம் விரலால் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் சோற்றைச் சாம்பாரில் பிசைந்து சாப்பிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘தம்பி, ரசம் வருமா?’ என்று கேட்டார். நான் கையைத் தூக்கிக் கூப்பிட்டேன். அதற்குள் அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு அம்மா வந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாற்காலி முதுகை ஒரு கையால் பிடித்தபடி நின்றுவிட்டார். பெரியவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். முப்பத்தொன்று ஐட்டத்தில் அவர் கேட்டது ரசம் ஒன்றுதான், அது அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த அம்மா மேலும் தப்பில்லை, அவருக்கும் பசி, இடுப்பில் குழந்தை.

மகள் கல்யாணத்துக்குச் சமையல் மாஸ்டரிடம் பேசப் போனபோது இதைத்தான் முதலில் சொன்னேன். பதினாலு ஐட்டம் போதும், ஒவ்வொன்றும் இரண்டாம் தரம் வர வேண்டும். பச்சடி, கூட்டு, பொரியல், அவியல், வடை, அப்பளம், ஊறுகாய், ஒரே ஒரு இனிப்பு, பருப்பு, நெய், சாம்பார், ரசம், பாயசம், மோர். பணத்தை எண்ணிக்கையில் கொட்டாமல் தரத்தில் கொட்டுங்கள்: குழையாத பழைய பொன்னி அரிசி, மணக்கிற நெய், அன்றைக்கு உறை குத்திய தயிரில் மோர், பாயசத்துக்கு நல்ல வெல்லம். எங்கள் மாஸ்டர் நூறு இலைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி என்று கணக்கு வைத்தார், சரியாக இருந்தது. மூன்று வேளைக்கும் இலைக் கணக்கைத் தனித்தனியாகப் போடுங்கள். முந்தின நாள் ராத்திரி வரவேற்புக்கு வருகிற கூட்டம் காலை டிபனுக்கு வராது, டிபனுக்கு வந்ததில் பாதி மதியச் சாப்பாட்டுக்கு நிற்காது. எங்களுக்கு ராத்திரி 600, காலை 350, மதியம் 300 என்று சொல்லி, கிட்டத்தட்ட அப்படியே ஆனது. எத்தனை இலை விழுந்தது என்று எண்ணிப் பணம் கொடுக்கிற ஒப்பந்தமென்றால் உங்கள் வீட்டுப் பையன் ஒருத்தன் இலை எண்ணுகிற இடத்தில் நிற்கட்டும்.

பரிமாறுகிறவர்களிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: கேட்டுப் போடுங்கள். வாழையிலையில் கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போவதும் அவமரியாதைதான், கேட்டு இல்லை என்பதும் அவமரியாதைதான். சொந்தத்தில் நாலு பேரைப் பந்திக்குப் பொறுப்பாகப் போடுங்கள், வாய் நிறையப் பேசுகிறவர்களாக. எங்கள் மதினி ஒருத்தர் மூன்று பந்தியும் நடந்துகொண்டே இருந்தார். ‘என்ன அத்தை, ரசம் வந்துச்சா, மோர் ஊத்தச் சொல்லட்டா?’ என்று ஒவ்வொரு இலையாகக் கேட்டார். வந்தவர்கள் அவரைத்தான் இன்னும் விசாரிக்கிறார்கள். கூடத்துக்கு வெளியே ஐம்பது நாற்காலி போட்டு, டம்ளரில் மோரோ பானகமோ கொடுத்து உட்கார வைத்தால் யாரும் யார் முதுகுக்குப் பின்னாலும் வந்து நிற்க மாட்டார்கள். விஐபிக்குத் தனி அறையில் சாப்பாடு என்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நடக்க முடியாதவர்களுக்குத் தனி அறை வையுங்கள், அது சரி.

மிச்சம் ஆகும், ஆகாமல் இருக்காது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முந்தின நாளே ஒரு இல்லத்திடமோ அமைப்பிடமோ பேசி வையுங்கள், சூடாக இருக்கும்போதே போக வேண்டும். நாலு மணிக்கு ஊசிப் போனதை அனுப்புவது தர்மம் ஆகாது.

மேடை, கேமரா, தெரு

தாலி கட்டும் நேரத்தில் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்நூறு பேர் காத்திருப்பார்கள். கெட்டி மேளம் கேட்கும், எதிரே தெரிவது நாலு கேமராக்காரர்களின் முதுகு. அப்புறம் அதையே எல்இடி திரையில் காட்டுவார்கள், பத்தடி தூரத்தில் நடக்கிறதை டிவியில் பார்க்கவா விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள்? போட்டோகிராபரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: மேடையின் இரண்டு பக்கமும் நிற்கலாம், முன்னால் யாரும் நிற்கக்கூடாது. நல்ல போட்டோகிராபர் ஒத்துக்கொள்வார், நாங்கள் சொன்னதும் அவர் லென்ஸை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

வரவேற்பில் மேடைக்கு வரிசை நிற்க வைப்பதைப் பற்றி ஒரு கணக்கு. இருநூற்றைம்பது குடும்பம், குடும்பத்துக்கு நாற்பது விநாடி என்றாலே இரண்டே முக்கால் மணி நேரம். பெண்ணும் மாப்பிள்ளையும் அவ்வளவு நேரம் நிற்க வேண்டும், கடைசியில் நிற்கிற பாட்டிகளும் நிற்க வேண்டும். நாங்கள் ஒரு மணி நேரம் மேடை, அப்புறம் இருவரும் கீழே இறங்கி வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடம் போனார்கள், பந்திக்கும் போனார்கள். போட்டோ கொஞ்சம் கலைந்துதான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் இரண்டு வார்த்தை பேசினார்கள்.

பேனர் வைக்காதீர்கள். 2019 செப்டம்பர் 12ஆம் தேதி சென்னை பள்ளிக்கரணையில், ஒரு கல்யாணத்துக்காக ரோட்டின் நடுவில் வைத்திருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த 23 வயசுப் பெண் கீழே விழுந்து, பின்னால் வந்த தண்ணி லாரியில் சிக்கி இறந்துபோனார். கூப்பிடாத கல்யாணம், தெரியாத வீடு. தன் சந்தோஷத்தை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று ஒருத்தர் நினைத்ததற்கு அந்தப் பிள்ளை உயிர் போனது. இதற்கு மேல் பகட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. வழி தெரிய வேண்டும் என்றால் மண்டப வாசலில் இரண்டு வாழைமரமும் ஒரு சின்னப் பலகையும் போதும், மீதியை போனில் அனுப்புகிற லொகேஷன் பார்த்துக்கொள்ளும். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், இதயம் பலவீனமான பெரியவர் இருப்பார், வெடியும் அதே மாதிரிதான். மேளக்காரர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள், தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் அவர்களைத் தேடாதீர்கள்.

இந்த அமளியில் பதிவை மறந்துவிடுகிறார்கள். 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்தவர் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் பூமாலை விலைகூட வராது.

வேலை செய்கிறவர்கள்

இலை எடுக்கிற அக்காக்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், பரிமாறுகிற பையன்கள், மேளக்காரர்கள், டிரைவர்கள், வாட்ச்மேன். இவர்கள் எங்கே உட்கார்ந்து எப்போது சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள், அந்த வீட்டுக் கல்யாணம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், நின்றபடி, மூன்று மணிக்கு மேல், தீர்ந்தது போக இருப்பதைச் சாப்பிடுவார்கள். இலைக் கணக்குப் போடும்போதே நாற்பது இலையை அவர்களுக்கென்று சேர்த்துச் சொல்லுங்கள், அதே கூடத்தில், அதே வடை பாயசத்தோடு ஒரு பந்தி. வீட்டு ஆட்கள் பரிமாறுங்கள். அதைப் படம் எடுக்காதீர்கள். அன்றைக்கு ராத்திரியே எல்லோருக்கும் பாக்கி இல்லாமல் பணம் கொடுத்துவிடுங்கள், ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லி அலைய விடுவதைப்போல அசிங்கம் வேறு இல்லை.

மொய்

‘மொய் தவிர்க்கவும்’ என்று பத்திரிகையில் போடுவது நாகரிகம் என்று சில பேர் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் யோசித்துத்தான் அதைச் செய்ய வேண்டும். மொய் வட்டியில்லாக் கைமாற்று. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் ஆடியில் அதற்காகவே விருந்து வைக்கிறார்கள். நீங்கள் இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் செய்த செய்முறையைத் திரும்பச் செய்யத்தான் அவர்கள் வருகிறார்கள், வாங்க மாட்டேன் என்றால் அவர்கள் தலையில் கடன் அப்படியே நிற்கும். வாங்குங்கள். ஆனால் மைக்கில் சொல்லாதீர்கள். தேனிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மைக் வைத்துப் பேரும் தொகையும் வாசித்தார்கள், ஐயாயிரத்து ஒன்று, பத்தாயிரத்து ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு அம்மாச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்து வைத்திருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். ‘நூத்தி ஒண்ணு’ என்று மைக்கில் கேட்டது. அவர் முந்தானையை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன், ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு ராசா’ என்றார்.

அதனால் ஓரமாக ஒரு மேசை, நல்ல கையெழுத்து உள்ள ஒருத்தர், நம்பிக்கையான இன்னொருத்தர், ஒரு நோட்டு. பேர், ஊர், தொகை. எழுதுகிறவர் வாயால் சொல்ல வேண்டாம், ‘சாப்பிட்டுத்தான் போகணும்’ என்று மட்டும் சொல்லட்டும். மறுநாள் வீட்டில் உட்கார்ந்து கவரையும் நோட்டையும் ஒத்துப் பார்த்து இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று பிள்ளைக்கு, ஏனென்றால் பாதிக்கு மேல் இனி அவர்கள்தான் திரும்பச் செய்ய வேண்டும். சீக்கிரமே எடுத்து வையுங்கள். எங்களுக்கு மாசி பிறப்பதற்குள் மூன்று பத்திரிகை வந்துவிட்டது.